நிழலுருவும் வெளிச்சமும்: அறைக்குள் எடுக்கும் படம் அரூபமாவது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: “ஜன்னல் வெளிச்சத்தையும் நிழலுருக்களையும் மட்டும் கொண்டு, அறைக்குள் அரூபமான படங்கள் எடுக்க விரும்புகிறேன். எக்ஸ்போஷரைக் குறைத்தால் இருட்டாக எடுத்த சாதாரண அறைப் படமாகத்தான் வருகிறது. எடிட்டிங்கில் கான்ட்ராஸ்டைக் கூட்டினாலும் பயனில்லை. எங்கே தவறுகிறேன்?”

எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறைக்கும்போது படத்தில் உள்ள எல்லாமே ஒரே விகிதத்தில் மங்குகின்றன. நாற்காலியின் முன்பக்கத்துக்கும் அதன் பின்னால் உள்ள சுவருக்கும் இடையிலான உறவு மாறுவதில்லை. மரத்தின் ரேகை, துணியின் நெசவு, தரையின் ஓட்டு வரி எல்லாம் அப்படியே இருக்கின்றன, கொஞ்சம் மங்கலாக. படத்தைப் பார்ப்பவர் முதலில் தேடுவது பொருள்களின் பெயரைத்தான். நாற்காலி, மேசை, திரைச்சீலை என்று அடையாளம் கண்டுகொண்டதும் அவருடைய பார்வை அங்கேயே நின்றுவிடும். அரூபமான படம் அந்த அடையாளத்தைத் தாமதப்படுத்துகிறது. பெயர் கிடைப்பதற்கு முன்பே வடிவமும் விளிம்பும் இடைவெளியும் கண்ணில் பட்டுவிட வேண்டும். ஒரு பொருளை நமக்கு அடையாளம் காட்டுபவை அதன் நிறம், மேற்பரப்பு, கனபரிமாணம், அளவு, அது தரையில் ஊன்றி நிற்கும் இடம் ஆகியவை. நிழலுரு, அதாவது ஒளிக்கு எதிரே நின்று கறுப்பாகத் தெரியும் உருவம் (சில்லவுட்), முதல் மூன்றையும் ஒரேயடியாக நீக்கிவிடுகிறது. மற்ற இரண்டையும் நீக்குவது, நீங்கள் நிற்கும் இடத்தையும் சட்டகத்தை வெட்டும் விதத்தையும் பொறுத்தது. ஆகவே இந்த வேலையில் பெரும்பகுதி ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வெளிச்சத்தின் கணக்கைப் பார்ப்போம். நேரடி வெயிலின் ஒளியளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு). அதே நேரத்தில், விளக்கு எரியாத ஓர் அறையின் உட்பகுதியில் 100 லக்ஸ் அளவுக்கே வெளிச்சம் இருக்கலாம். ஆயிரம் மடங்கு வேறுபாடு, அதாவது ஏறக்குறைய 10 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியை இரு மடங்காக்கும் ஒரு படி). இவ்வளவு வேறுபாடு இருந்தும் உங்கள் படத்தில் நாற்காலி ஏன் கருமையாகவில்லை என்றால், அறையின் சுவர்கள் ஜன்னல் வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அனுப்புகின்றன. வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கூரையும் உள்ள அறையில், கேமராவை நோக்கியிருக்கும் நாற்காலிப் பக்கத்துக்கு எதிர்ச்சுவரிலிருந்து தாராளமாக ஒளி வந்து சேர்கிறது. ஜன்னலுக்கு வெளியே தெரிவது வெயில் படாத சுவராகவோ மரநிழலாகவோ இருந்தால் பின்னணியும் அவ்வளவு பிரகாசமாக இராது. இரண்டும் சேர்ந்து அந்த 10 ஸ்டாப்பை மூன்றாகவோ நான்காகவோ சுருக்கிவிடுகின்றன.

எனவே ஊகத்தை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். கேமராவை ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் முறையில்) வைத்து, பின்னணியில் மிகப் பிரகாசமான பகுதியை ஒரு முறையும், பொருளின் கேமராப் பக்கத்தை ஒரு முறையும் அளக்கவும். இரண்டுக்கும் இடையே 6 ஸ்டாப் இருந்தால் உங்களிடம் நல்ல நிழலுரு இருக்கிறது. பின்னணியை வெண்மையின் எல்லைக்குச் சற்றுக் கீழே வைத்து எடுத்தாலே பொருள் கறுப்பை நெருங்கிவிடும். 4 ஸ்டாப் மட்டுமே இருந்தால் கிடைப்பது விவரங்கள் தெரியும் அடர்சாம்பல். கான்ட்ராஸ்டைக் கூட்டிச் சாம்பலைக் கறுப்பாக்கலாம் என்று தோன்றும். ஆனால் அப்போது பின்னணியில் இருந்த நுண்ணிய சாயல்களும் சேர்ந்து வெளுத்துவிடும், விளிம்புகள் முரடாகும். வேறுபாட்டை அறையிலேயே உண்டாக்குவதுதான் சரியான வழி. விளக்குகளை அணைத்துவிடுங்கள். பயன்படுத்தாத ஜன்னல்களை மூடுங்கள். பொருளைச் சுவரிலிருந்து விலக்கி ஜன்னல் பக்கமாகக் கொண்டு போங்கள். கேமராவுக்குப் பின்னாலும் பக்கத்திலும் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, சுவர் திருப்பி அனுப்பும் ஒளியை விழுங்கச் செய்யுங்கள். நீங்கள் அணிந்திருக்கும் வெள்ளைச் சட்டைகூட அருகில் உள்ள பளபளப்பான பொருளில் ஒரு சாம்பல் திட்டாகத் தெரியும் என்பதால், அடர்ந்த நிற உடையில் வேலை செய்வது நல்லது.

பின்னணிக்கும் இதே கவனம் வேண்டும். ஜன்னல் வழியே மரமும் எதிர்வீடும் தெரிந்தால் பார்ப்பவர் வெளியே போய்விடுவார். மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிட்டால் அந்த ஜன்னல் முழுவதும் ஒரே ஒளித்தகடாக மாறுகிறது. திரையின் மடிப்புகள் மெல்லிய செங்குத்துக் கோடுகளாக நிற்கும். அந்தக் கோடுகள் வேண்டாமென்றால் திரையைத் தட்டையாக இழுத்துக் கட்டவும். பால் கண்ணாடி பதித்த ஜன்னலோ கதவோ இருந்தால் அது இன்னும் வளமான கருவி. கண்ணாடிக்கு அப்பால் அதை ஒட்டி நிற்கும் பொருளின் விளிம்பு கூர்மையாகவும், ஒரு சாண் தள்ளி நிற்பதன் விளிம்பு கரைந்தும் தெரியும். ஒரே செடியின் முன் இலைகள் வெட்டி ஒட்டியதுபோலவும் பின் இலைகள் புகைபோலவும் அமைய இதுவே காரணம்.

இப்போது ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு நெருக்கமாகப் பார்க்கலாம். முதுகில் மெல்லிய கம்பிகள் வைத்த மர நாற்காலி ஒன்றைத் திரையிட்ட ஜன்னலுக்கு முன்னால் வைத்திருக்கிறீர்கள். நின்றபடி எடுத்தால் இருக்கைப் பலகையின் மேற்பரப்பு தெரிகிறது. அது ஜன்னல் வெளிச்சத்தை வாங்கிப் பளபளக்கிறது. பார்த்தவுடன் நாற்காலி என்று புரிந்துவிடுகிறது. கேமராவை இருக்கையின் மட்டத்துக்கு இறக்குங்கள். பலகை ஒற்றைக் கறுப்புக் கோடாகச் சுருங்கி, சட்டகத்தை மேலும் கீழுமாகப் பிரிக்கிறது. மேலே முதுகின் கம்பிகள், கீழே கால்கள். நேரெதிரே நிற்கும்போது பின் கால்கள் முன் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இரண்டு தடித்த தூண்களாகத் தெரிகின்றன. ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்தால் அவை பிரிந்து, இடையே மிக ஒல்லியான ஒரு வெளிச்சக் கீற்று பிறக்கிறது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் அந்தக் கீற்று மற்ற இடைவெளிகளின் அகலத்தை எட்டிவிடும். வேலியைப் பார்ப்பதுபோல் சலிப்பூட்டும் ஒழுங்கு வந்துவிடும். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில், இடைவெளிகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத அகலங்களில் நிற்கும் ஒரு நிலை இருக்கிறது. அதைத் தேடுங்கள். தேடும்போது கால்களைப் பார்க்காமல் கால்களுக்கு இடையே உள்ள வெள்ளை வடிவங்களையே பாருங்கள். கறுப்பு தானாகவே சரியாக அமையும்.

பிறகு வெட்ட வேண்டும். கால்கள் தரையைத் தொடும் இடம் சட்டகத்துக்குள் இருக்கும்வரை நாற்காலி நாற்காலியாகவே இருக்கும், ஏனென்றால் எது மேல் எது கீழ் என்பதையும் பொருள் எவ்வளவு பெரியது என்பதையும் அந்த இடம் சொல்லிவிடுகிறது. கீழ் விளிம்பைக் கால்களின் நடுவில் வெட்டுங்கள். முதுகின் மேற்சட்டத்தையும் வெளியே தள்ளுங்கள். மீதமிருப்பது ஒரு கிடைக்கோடு, அதைக் கடக்கும் சாய்ந்த சில கறுப்புப் பட்டைகள், அவற்றுக்கிடையே வெவ்வேறு அகலத்தில் வெளிச்சம். இருந்தாலும் முழுவதும் அடையாளமின்றிப் போவதை நான் விரும்புவதில்லை. கம்பி ஒன்று பலகையில் செருகும் இடத்தில் உள்ள சிறு வீக்கம்போல ஏதேனும் ஒரு தடயம் எஞ்சியிருந்தால், பார்ப்பவர் சற்று நேரம் கழித்து “இது ஒரு நாற்காலி” என்று கண்டுகொள்வார்; கண்டுகொண்ட பின்னும் வடிவங்களை விட்டு அவர் கண் விலகாது. மின்விசிறிச் சுவிட்ச், பிளக், கதவுக் கைப்பிடி போன்றவை இதற்கு நேர்மாறானவை. எல்லோருக்கும் அவற்றின் அளவு தெரியும் என்பதால், ஓரத்தில் ஒன்று தெரிந்தாலே முழுப் படமும் மீண்டும் ஓர் அறையாகிவிடும்.

இந்த முறையில் லென்ஸின் தேர்வும் மாறுகிறது. கட்டட விளம்பரங்களுக்கு உள்ளரங்கம் எடுப்போர் 16 முதல் 24 மில்லிமீட்டர் வரையிலான அகலக்கோண லென்ஸ்களைப் பயன்படுத்துவார்கள். இடத்தைப் பெரிதாகவும் முழுமையாகவும் காட்டுவது அவர்கள் வேலை. நமக்கு முழுமை தேவையில்லை. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 முதல் 100 மில்லிமீட்டர் வரை உள்ள லென்ஸ், அறையின் எதிர்மூலையிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி எடுக்க உதவும். தூரத்திலிருந்து பார்க்கும்போது முன்னும் பின்னும் உள்ள பொருள்களின் அளவு வேறுபாடு குறைந்து, அவை ஒரே தளத்தில் ஒட்டியவைபோல் தட்டையாகும். அரூபத்துக்கு அந்தத் தட்டைத்தன்மை மிகவும் தேவை.

வரலாற்றில் இதைச் செய்துகாட்டியவர்களைக் கவனித்தால், ஒவ்வொருவரும் அடையாளத்தின் ஏதோ ஒரு தூணை உருவியிருப்பது தெரியும். அமெரிக்கரான பால் ஸ்ட்ராண்ட் 1916இல் கனெக்டிகட்டின் ட்வின் லேக்ஸில், தாழ்வாரத்துக் கைப்பிடி நிழல்கள் ஒரு வட்ட மேசையின் மேல் விழுவதை எடுத்தார். மேசை சாய்ந்திருக்க, படத்தையும் 90 பாகை திருப்பி, மேல் கீழ் என்ற பிடிமானத்தையே நீக்கினார். பென்சில்வேனியாவின் டாய்ல்ஸ்டவுனில் இருந்த பழைய வீட்டை 1917 வாக்கில் படமெடுத்த சார்ல்ஸ் ஷீலர், ஓர் இரும்பு அடுப்பால் மறைக்கப்பட்ட விளக்கைக் கொண்டே அந்த அறைக்கு ஒளியூட்டினார். அடுப்பு கரிய நிழலுருவாக நிற்கிறது, வெளிச்சம் அதைச் சுற்றிச் சுவரில் பரவுகிறது, இரவாகையால் ஜன்னல் கண்ணாடிகளும் கறுப்புச் சதுரங்களாகவே தெரிகின்றன. ஜன்னல் என்றால் வெளிச்சம் என்ற நம் எதிர்பார்ப்பை அந்தப் படம் தலைகீழாக்குகிறது. பகல் வெளிச்சம்தான் ஒரே வழி என்று நினைப்பவர்கள் அதை நன்றாக ஊன்றிப் பார்க்க வேண்டும். செக் நாட்டின் யாரோமிர் ஃபுங்கே 1920களின் இறுதியில் பொருள்களையே சட்டகத்திலிருந்து வெளியேற்றி, அவற்றின் நிழல்களை மட்டும் எடுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். கட்டடக்கலைஞர் லெ கொர்புசியேவின் கட்டடங்களைப் படமெடுத்த லூசியன் எர்வே, 1949இல் மார்செய்யில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த குடியிருப்பை ஒரே நாளில் 650 படங்கள் எடுத்தவர். அச்சான படங்களைப் பின்னர் கத்தரிக்கோலால் துணிச்சலாக வெட்டி, ஒரு சுவரின் விளிம்பும் ஒரு நிழலும் மட்டுமே மிஞ்சும்படி செய்வார். எனக்கு இவர்களில் மிக நெருக்கமானவர் எர்வே. கட்டடத்தை விளக்குவதற்குப் பதிலாக, அதன் உள்ளே வெளிச்சம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பதிவுசெய்தவர் அவர்.

நிழலுருவிலிருந்து நிழலுக்கு வருவோம். நிழலுரு என்பது ஒளிக்கு எதிரே நிற்கும் பொருள்; நிழல் என்பது அப்பொருள் வேறொரு பரப்பில் உண்டாக்கும் இருட்டு. இடையில் பால் கண்ணாடி இல்லாமல் ஃபோகஸும் சரியாக இருந்தால், நிழலுருவின் விளிம்பு கூர்மையாக இருக்கும். நிழலின் விளிம்பு தூரத்தைப் பொறுத்தது. சூரியன் வானில் சுமார் அரைப் பாகை அகலம் உள்ள வட்டு என்பதால், எந்த விளிம்பின் நிழலும் தூரம் கூடக்கூடக் கலங்குகிறது. ஜன்னல் கம்பியிலிருந்து 20 செ.மீ. தள்ளி உள்ள பரப்பில் அந்தக் கலங்கல் ஏறக்குறைய 2 மி.மீ.தான், 2 மீட்டர் தள்ளி உள்ள சுவரில் அது கிட்டத்தட்ட 2 செ.மீ. ஆகிவிடும். ஆகவே ஒன்றரை செ.மீ. தடிமன் உள்ள கம்பியால் 2 மீட்டர் தூரத்தில் முழுக் கறுப்பு நிழலை உண்டாக்க முடியாது. மென்மையான சாம்பல் பட்டை மட்டுமே விழும். ஒரே ஜன்னலின் நிழல் அருகில் உள்ள மேசையில் கூர்மையாகவும் எதிர்ச்சுவரில் மங்கலாகவும் விழுவதை ஒரே சட்டகத்தில் சேர்க்க முடிந்தால், எந்தப் பொருளையும் காட்டாமலே ஆழத்தைக் காட்டலாம்.

வெயில் நகர்வதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சூரியன் மணிக்கு 15 பாகை, அதாவது 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. ஜன்னலிலிருந்து 3 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் விழும் வெயில் சதுரம் அந்த 4 நிமிடத்தில் 5 செ.மீ. அளவுக்கு இடம்பெயரும், சாய்வாக விழும் தரையில் இன்னும் அதிகம். முக்காலியை நிறுத்திச் சட்டகத்தைச் சீராக்கி முடிப்பதற்குள், கதவு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்த ஒளி அதைத் தாண்டியிருக்கும். முந்தைய நாளே வந்து எந்த நேரத்தில் எது எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டு, ஒளி வரப்போகும் இடத்துக்குச் சட்டகத்தை முன்கூட்டியே அமைத்துக் காத்திருப்பதே வசதியான முறை.

கேமரா அமைப்புகளைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. முக்காலி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8 அல்லது எஃப்/11, கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பு. தானியங்கி மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கவே முயலும் என்பதால் மேனுவலில் வைத்து, மிகப் பிரகாசமான பகுதி ஹிஸ்டோகிராமின் (படத்தின் இருட்டு முதல் வெளிச்சம் வரையிலான பரவலைக் காட்டும் வரைபடத்தின்) வலது சுவரை முட்டாமல் நெருங்கும்படி ஷட்டர் வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். திரையில் மடிப்பு தெரிய வேண்டுமானால் இன்னும் ஒரு ஸ்டாப் குறைக்கலாம். ஃபோகஸை நிழலுருவின் விளிம்பிலேயே வைக்க வேண்டும். கறுப்பின் நடுவில் வைத்தால் பிடிப்பதற்கு எதுவுமின்றி லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். கைபேசியில் எடுப்பவர்கள் ஓர் இடைஞ்சலை அறிந்திருக்க வேண்டும்: கைபேசி தானாகவே பல எக்ஸ்போஷர்களைச் சேர்த்து இருட்டைத் தூக்கிக் காட்டிவிடும். இப்படிச் சேர்க்கும் எச்டிஆர் வசதியை அணைக்க முடிந்தால் அணைத்து, வெளிச்சப் பகுதியில் விரலை அழுத்திப் பூட்டி, எக்ஸ்போஷரைக் கீழே இழுங்கள். ப்ரோ முறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

அதிகம் பேசப்படாத ஒரு சிக்கல் லென்ஸுக்குள் இருக்கிறது. ஜன்னலை நோக்கிக் கேமராவைத் திருப்பும்போது, கண்ணாடிகளுக்கிடையே சிதறும் ஒளி படம் முழுவதும் ஒரு மெல்லிய மூடுபனியாகப் படர்ந்து, கறுப்பைச் சாம்பலாக்கும். அறையில் 6 ஸ்டாப் வேறுபாட்டை உழைத்து உண்டாக்கியிருந்தாலும் லென்ஸ் அதைக் கரைத்துவிடலாம். பாதுகாப்புக்காக மாட்டிய மலிவான ஃபில்டரைக் கழற்றுங்கள். லென்ஸின் முன்கண்ணாடியில் உள்ள விரல் ரேகையைத் துடையுங்கள். சட்டகத்துக்குள் வராத ஜன்னல் பகுதியைக் கறுப்பு அட்டையால் மறையுங்கள். இந்த மூன்றையும் செய்தபின் எடுத்த படத்தை முந்தையதுடன் ஒப்பிட்டால், எந்த எடிட்டிங்கும் தராத ஆழத்தைக் கறுப்பில் காண்பீர்கள்.

மனித உருவத்தைச் சேர்க்கலாமா என்பது தவிர்க்க முடியாத கேள்வி. சேர்க்கலாம், ஆனால் விலை உண்டு. மனிதர் இருக்கும் படத்தில் கண் முதலில் மனிதரிடமே போகும். அவர் உயரம் அறையின் அளவை உடனே சொல்லிவிடும். எனவே வாசலின் நடுவில் முழு உருவமாக நிறுத்துவதை நான் தவிர்க்கச் சொல்வேன். சுவர் மறைப்புக்குப் பின்னாலிருந்து நீளும் முன்கை, திரையில் விழும் தோளின் வளைவு, பக்கவாட்டில் நெற்றியிலிருந்து கழுத்துவரை செல்லும் ஒற்றைக் கோடு போன்றவை அறையின் நேர்க்கோடுகளுக்கு எதிராக நல்ல வளைவுகளைத் தரும். கை உடலோடு ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும். இடையில் விரலளவு வெளிச்சமாவது தெரிய வேண்டும். அரை விநாடி ஷட்டரில் அவரை மெல்ல நகரச் சொன்னால் பின்னணி வெளிச்சம் உருவத்தின் விளிம்புகளைத் தின்றுவிடும். நடுவில் மட்டும் கறுப்பு மிஞ்சும்.

நிறம் வேண்டுமா, கறுப்பு வெள்ளையா? பெரும்பாலும் கறுப்பு வெள்ளையே பொருந்துகிறது, நிறமும் பொருளின் பெயரைச் சொல்லிக்கொடுக்கும் என்பதால். விதிவிலக்கு, இரண்டு நிறவெப்ப ஒளிகள் சந்திக்கும் அறை. அந்தி நேரத்து ஜன்னலின் நீலமும், 2700 கெல்வின் விளக்கின் மஞ்சளும் ஒரே சுவரில் அடுத்தடுத்து விழும்போது, நிழலுரு இரண்டு நிறத் தளங்களைப் பிரிக்கும் கோடாகச் செயல்படும். அப்போது வொயிட் பேலன்ஸை (ஒளியின் நிறத்துக்கேற்ப வெள்ளையைச் சரிசெய்யும் அமைப்பை) பகல் ஒளிக்கு வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். தானியங்கி முறை இரண்டையும் சமரசம் செய்து மங்கலாக்கும்.

எடிட்டிங்கில் செய்ய வேண்டியது இதற்குப் பிறகு குறைவுதான். கர்வ்ஸ் எனும் சாயல் வளைகோட்டுக் கருவியில், முழுக் கறுப்பு தொடங்கும் கறுப்புப் புள்ளியைச் சற்று உள்ளே தள்ளுங்கள். நிழலுருவுக்குள் ஒளிந்திருக்கும் ஆணித்தலையோ பளபளப்போ தெரிந்தால் தூரிகையால் அதை மட்டும் இருட்டாக்குங்கள். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பெயர்கள் மறைந்து எடைகள் மட்டும் தெரியும் அந்த நிலையில் ஒரு மூலை கனத்துத் தொங்கினால், வெட்டும் இடத்தை மாற்ற வேண்டும். இடைநிலைச் சாம்பலை எவ்வளவு விட்டுவைப்பது என்பது உங்கள் ரசனை. கறுப்பும் வெள்ளையும் மட்டுமே உள்ள படம் முதல் பார்வையில் அடித்து நிற்கும், ஆனால் திரையின் மடிப்பிலோ சுவரிலோ ஒரு பகுதியாவது மெல்ல இறங்கும் சாம்பலாக இருந்தால் நெடுநேரம் பார்க்க முடியும்.

அச்சிடுவதாக இருந்தால் தாளையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மேட் தாள் கறுப்பைப் பளபளப்பான தாளின் அளவுக்கு ஆழமாகக் காட்டாது. கணினித் திரையில் முழுக் கறுப்பாகத் தெரிந்த நிழலுரு அதில் கரிச்சாம்பலாக வரும். சட்டகத்தில் பாதிக்கு மேல் கறுப்பு உள்ள படங்களுக்கு ஆழ்ந்த கறுப்பைத் தரும் பரைட்டா வகைத் தாளையும், கலங்கிய நிழல்களே முக்கியமான படங்களுக்கு மேட் தாளையும் நான் பரிந்துரைப்பேன். பெரிய அளவில் அச்சிடுவதற்கு முன், நிழலுருவின் விளிம்பு வரும் ஒரு துண்டை மட்டும் உண்மையான அளவிலேயே அச்சிட்டு, படம் தொங்கப்போகும் இடத்தின் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளியை இன்னும் எவ்வளவு தள்ள வேண்டும் என்பது அந்தத் துண்டிலேயே தெரிந்துவிடும்.